சம்பந்தியம்மாவைச் சுரங்கத்தில் பூட்டிய நாள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம். காரைக்காலிலிருந்து வடக்கே வேனில் ஒன்றரை மணி நேரம் போனால் கடலோரத்தில் ஒரு பழைய கோட்டை. பெயர் வேண்டாம்; அங்கே காவல் பார்க்கிற ஒரு நல்ல மனுஷனுக்கு என்னால் தொல்லை வரக் கூடாது. அந்தக் கோட்டையின் சுரங்கப் பாதைக்குள், என் மகளுக்கு மாமியாராக வரப்போகிற அம்மாவை வைத்துப் பூட்டிவிட்டு, நான் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தோப்பில் எல்லாருக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது எப்படி நடந்தது என்று புரியாது. எனக்கு வெல்டிங் பட்டறை. கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தையெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கினேன். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூறுகிற அம்மா ஒரு சொலவடை சொல்வார், சுரக்குடியில் நடவுக்குப் போகிறவர்கள் ஒன்று சொல்வார்கள், அத்தனையையும் முடிந்து வைத்துக்கொள்வேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, நான் அப்படிப் பிழைத்தவன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மாப்பிள்ளை வீட்டார் பிரான்சுக் குடியுரிமைக்காரர்கள். பூர்வீகம் நம் ஊர்தான். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் இன்றும் அடையாளம் காட்டுவார்கள். ஆகஸ்டில் அங்கே எல்லாருக்கும் லீவு என்பதால் கல்யாணத்தை அந்த மாதத்தில் வைத்தோம். மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள் அல்லவா, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று? இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. அதற்கு நடுவில் வந்தவர்களைச் சும்மா வீட்டில் உட்கார வைக்கலாமா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாவது நாள் காலையில் இரண்டு வேன் பிடித்து, இரண்டு வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு கோட்டை பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

ஓலை வாசித்த பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் அவர்கள் இருவரும் வரவில்லை. அந்தப் பையன் வந்திருந்தால் தன் தாயைத் தேடியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

முன் வேனில் ஆண்கள், பின் வேனில் பெண்கள். நண்டலாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். காரைக்கால் வண்டி வெளியே போனால் சாராய பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம்தான். எங்கள் வண்டியில் இருந்தது புளிசோறும் வறுத்த வஞ்சிரமும். ஆனாலும் எல்லாரையும் இறங்கச் சொல்லி, சீட்டுக்கடியில் எல்லாம் பார்த்தார்கள். திரும்ப ஏறும்போது சம்பந்தியம்மா, பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று எங்கள் வேனின் முன் சீட்டுக்கு வந்துவிட்டார். அவர் இனி ஆண்கள் வேனில்தான் வருவார் என்று பெண்கள் வேனில் நினைத்துக்கொண்டார்கள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. கொத்தளம், பீரங்கி, கடல் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மூலையில் இரும்புக் கம்பிக் கதவு, பூட்டு, கீழே இறங்குகிற படிகள். சுரங்கம். பொதுஜனத்துக்கு அனுமதி இல்லை என்று பலகை. சம்பந்தி என்னைப் பார்த்து, "நீங்க கேட்டா திறந்துடுவாங்களே!" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது போதாதா?

காவலாளியைப் பிடித்தேன். ஐம்பது வயசு இருக்கும், தலையில் துண்டு. முடியாதுங்க என்றார். அவர் ஊர் எது, யார் பிள்ளை, எத்தனை குழந்தைகள் என்று ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் அவரைச் சிரிக்க வைத்து, சாவியை எடுக்க வைத்துவிட்டேன். "கால் மணி நேரந்தான் அண்ணே. ஒரு மணிக்கு நான் சாப்பாட்டுக்குப் போகணும். உள்ள வலது பக்கம் தரை இடிஞ்சு பள்ளமா கெடக்கு. இடது சுவத்தைத் தொட்டுக்கிட்டே போங்க" என்றார்.

இறங்கினோம். செங்கல் வளைவு, தலை தட்டுகிற உயரம். உப்பும் வவ்வால் எச்சமும் கலந்த நெடி. கொஞ்ச தூரம் நேராகப் போய் இடப்பக்கம் திரும்பியது பாதை. அதற்கு அப்புறம் வெளி வெளிச்சம் சுத்தமாக இல்லை. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், வெடிமருந்து வைத்தவை என்றார்கள். கடைசியில் மண் சரிந்து அடைத்துக் கிடந்தது; போன வழியேதான் திரும்ப வேண்டும். செல்போன் வெளிச்சத்தில் நான்தான் முன்னால். வாய் ஓயவே இல்லை. தெரிந்த கதை, தெரியாத கதை, சுவருக்குள் வைத்துப் பூசப்பட்ட சேனாதிபதி என்று அந்த நிமிஷத்தில் நானே கட்டிய கதை. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை பேரு எறங்கினீங்க? எண்ணிப் பாருங்கண்ணே" என்றார்.

"எல்லாம் வந்தாச்சு, பூட்டுங்க."

"ஒரு தடவை எண்ணிடுங்களேன்."

அப்போது சொன்னேன் பாருங்கள், இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. "இவங்க என் சம்பந்தி வீட்டு ஆளுங்க. தலையை எண்ணிப் பாக்குறதுக்கு இது என்ன ஆட்டுப்பட்டியா? எங்க ஊர்ல அதெல்லாம் மரியாதை இல்லைங்க." சம்பந்திக்கு முகமெல்லாம் பூரிப்பு. காவலாளி பூட்டினார். டி.வி.எஸ்ஸை மிதித்துக் கிளம்பினார்.

எங்கள் வேனில் ஏறும்போது முன் சீட்டில் சம்பந்தியம்மாவின் கைப்பை மட்டும் இருந்தது. அம்மா பெண்களோடு ஏறிக்கொண்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பெண்கள் வேன் என்ன நினைத்தது என்று சொல்லவே வேண்டாம்.

தோப்பில் பாய் விரித்தாயிற்று. நான் முதல் இலையைப் போட்டேன். என் வீட்டுக்காரி, "சம்பந்தியம்மா, நீங்க மொதல்ல உக்காருங்க. சுகர் மாத்திரை போட்டுட்டீங்க, நேரமாச்சு" என்றாள். யாரும் உட்காரவில்லை. "முன் வேன்ல இருந்தாங்களே." "இல்லையே, உங்களோட இல்ல வந்தாங்க?" இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தது. யாரோ அவருடைய நம்பருக்குப் போன் போட்டார்கள். எங்கள் வேனுக்குள், அந்தக் கைப்பைக்குள், போன் அடித்தது.

கையிலிருந்த இலைக்கட்டைப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினேன்.

நானும் சம்பந்தியும் டிரைவரும் மட்டும் திரும்பினோம். பத்து கிலோமீட்டர். ரயில்வே கேட் ஒன்று, ஆட்டுக்கூட்டம் ஒன்று, வைக்கோல் லாரி ஒன்று. என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன், செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன். காலையில் மாத்திரை போட்டவர், ஒரு மணி தாண்டியும் சாப்பிடவில்லை. உள்ளே பள்ளம். இருட்டு. "பதறாத காரியம் சிதறாதுங்கண்ணே" என்றான் டிரைவர். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு நான் இப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. கோட்டைக்கு முன்னால் இறங்கும்போது சம்பந்தி சொன்னார்: "அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா, மூணாவது ஓலை இல்லை. சொல்லிட்டேன்."

கதவு பூட்டியே இருந்தது. காவலாளி இல்லை. வாசலில் வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவிடம் கேட்டோம். "அவரு வீடு மேற்கால, ரெண்டு மைலு. சந்து சந்தாப் போவணும், உங்களுக்குத் தெரியாது. நான் வர்றேன், கடையப் பாத்துக்குங்க" என்று கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு அந்த அம்மாவே வேனில் ஏறினார். சம்பந்திக்கும் நிற்க முடியவில்லை, அவரும் ஏறிக்கொண்டார். வேன் போய்விட்டது. நான் மட்டும்.

ஓடிப்போய்க் கதவைப் பார்த்தேன். பழைய மாதிரிக் கீல். கதவை அப்படியே மேலே தூக்கினால் முளையிலிருந்து கழன்று வந்துவிடும். தோள் கொடுத்துத் தூக்கினேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், முளையின் தலையில் ஒரு பொட்டு வெல்டிங். தூக்க முடியாதபடி. எவனோ ஒரு பட்டறைக்காரன் கவனமாக வைத்திருக்கிறான். நானும் ஒவ்வொரு கேட்டுக்கும் அப்படித்தான் வைப்பேன். ஆயிரம் கதவு செய்தவன் ஒரு கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"சம்பந்தியம்மா!"

பதில் இல்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். என் சத்தம்தான் உள்ளே போய்த் திரும்பி வந்தது. மாதாவே மாதாவே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"யாரது?"

"நான்தாம்மா, சம்பந்தி!"

கொஞ்சம் நிதானித்து அந்தக் குரல் கேட்டது: "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

அப்படியே கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இல்லைம்மா, சாவி வந்துகொண்டிருக்கிறது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்றேன்.

"இருக்க மாட்டேன். காலுக்குக் கீழ என்னமோ ஓடுது. எந்தப் பக்கம் வாசல்னுதான் தெரியலை. நீங்க பேசிக்கிட்டே இருங்க, சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

பள்ளம்! போகும்போது வலது பக்கம் இருந்தது, அப்படியானால் வரும்போது இடது. அப்படித்தானே? கையைத் தூக்கி, திரும்பி நின்று, கதவுக்கு முன்னாலேயே ஒரு தடவை நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். "வலது கைப் பக்கத்துச் சுவரை விடாதீங்கம்மா. அடி அடியா வைங்க. இடது பக்கம் போகவே போகாதீங்க."

"சரி. பேசுங்க."

பேச வேண்டும். ஊரெல்லாம் பேசித் தீர்த்தவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ சம்பந்தி, சொலவடை வேணாம். அதுக்குப் பயந்துதான் இந்த ரூமுக்குள்ள ஒதுங்கினதே."

என்ன?

நடந்துகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். வந்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லையாம். அங்கேயும் இங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளாக விருந்து, காலையிலிருந்து ராத்திரி வரை என் பேச்சு. சுரங்கத்துக்குள் குளுமையாக ஒரு திண்டைப் பார்த்ததும், இரண்டு நிமிஷம் யார் பேச்சும் இல்லாமல் இருப்போமே என்று உட்கார்ந்தாராம். அப்படியே கண் அசந்துவிட்டது. முழித்தால் இருட்டு. "செத்துட்டேன்னு நெனச்சேன். அப்புறம் உங்க குரல் கேட்டுது. செத்த எடத்துல நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

"நிறுத்தாதீங்க சம்பந்தி. ஒண்ணு கேக்கட்டுமா? வந்த நாள்லேர்ந்து கேக்கணும்னு இருக்கேன், நீங்க இடமே கொடுக்கலை. உங்க பொண்ணு எப்படி? என்ன பிடிக்கும் அவளுக்கு?"

அதைச் சொன்னேன். தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. கோபம் வந்தால் பேச மாட்டாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுவாள். மழை பெய்தால் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பாள். மீன் குழம்பு முதல் நாள் தொட மாட்டாள், மறுநாள் பழையதாகத்தான் சாப்பிடுவாள். டீச்சர் படிப்பில் இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. சைக்கிளில் விழுந்து முட்டியில் ஒரு தழும்பு. பட்டறையில் என் காலடியில் கிடந்த தகட்டில்தான் விழுந்தாள், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சொலவடை இல்லாமல் நான் அவ்வளவு நேரம் பேசினது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து, "ம்... ம்..." என்று சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது.

"பரீட்சை பாக்கியா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே. சரி, அவளுக்கு எங்களோட அங்க வர்றதுக்கு இஷ்டமா? நீங்க கேட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பதில் இல்லை. வரன் வந்தது, ஜாதகம் பார்க்கிற வேலை நமக்கு இல்லை, நல்ல குடும்பம், பிரான்சு. ஊரெல்லாம் கூடி என்னைப் பாராட்டியது. மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினேன், பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், தலையாட்டினாள். ஏழு கடல் தாண்டிப் போகிறாயே, போக மனசு இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயம். அதனால்தான் வீட்டில் நான் இன்னும் அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

"சம்பந்தி? சம்பந்தி! சத்தம் போயிட்டுதே! எங்க இருக்கீங்க?"

அவர் அடி தவற, செங்கல் துண்டு ஒன்று உருண்டு எங்கேயோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"கேக்கலைம்மா!" என்று கத்தினேன். "நான் கேக்கலை! சுவத்தை விடாதீங்க! நான் அவளைக் கேக்கவே இல்லைம்மா! வலது கை! வலது கை! பயந்துகிட்டுக் கேக்கலை!"

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை. அப்புறம் திருப்பத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. புடவை. புழுதியும் ஒட்டடையுமாக, வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். படி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். உள்ளங்கை முழுக்கச் செங்கல் சிராய்ப்பு.

கூடையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இன்னிக்குக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் வேன் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்த கையோடு காவலாளி ஓடி வந்து பூட்டைத் திறந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். "அம்மா, தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று அவர்தான் பதறினார். சம்பந்தி என் மேல் பாய்ந்தார். ஒரு பொம்பளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற குடும்பத்தில் எப்படிப் பெண் எடுப்பது என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை; அவர் சொன்னதில் தப்பில்லை.

சம்பந்தியம்மா புடவையை உதறிக்கொண்டே சொன்னார்: "பூட்டினது அவரு. சரி. நான் இல்லாமலே வேன்ல ஏறிப் போனது யாரு? முப்பத்தஞ்சு வருஷமா உங்க பக்கத்துல உக்கார்றேன். சீட்டு காலியா இருந்தது கண்ணுக்குத் தெரியலையா?" சம்பந்தி திரும்பி வேன் கதவைத் திறக்கப் போனார். வெள்ளரிக்காய் அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மகள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டேன். கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் நானே பதிலும் சொல்லப் போனேன், வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"போறேன்ப்பா. அவரைப் பிடிச்சிருக்கு. ஆனா பரீட்சை எழுதிட்டுப் போறேன். ஆறு மாசம். சொல்லணும்னு நெனச்சேன், நீங்க ரொம்ப சந்தோஷமாப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. பரீட்சை எழுதிவிட்டுத்தான் போனாள்; ஆறு மாசம் பொறுக்க வேண்டும் என்று தன் மகனிடமும் புருஷனிடமும் பேசிச் சம்மதம் வாங்கியது சம்பந்தியம்மாதான். காவலாளியை அடுத்த வாரமே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சுரங்கத்தைப் பற்றி மட்டும் பேச்சையே எடுக்க விடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளிடம் போனில் பேசுகிறேன். எப்படிம்மா இருக்கே என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காத அந்த இரண்டு மூன்று விநாடி எனக்கு இன்னும் கால் தரிக்காது. ஆனாலும், அவள் இல்லாமல் போய்விடவில்லை, தன் வார்த்தையைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்துகொண்டிருக்கிறாள் என்று பொறுத்திருக்க, இந்த வயசில்தான் நான் கற்றுக்கொண்டேன்.